'தே லூசிஸ்' பாடலை எழுதியவர் அம்புரோசியாரா?

கேள்வி இதுதான். ஐரோப்பாவில் ஒரு பெனடிக்டின் மடத்து விருந்தினர் விடுதியில் இரண்டு நாள் தங்கிய நண்பர் ஒருவர், துறவிகள் உறங்கப்போகும் முன் பாடும் இரவுச் செபத்தில் 'தே லூசிஸ் ஆந்தே தெர்மினும்' என்ற லத்தீன் பாடலைக் கேட்டிருக்கிறார். 'ஒளி மறையும் முன்னே உம்மை வேண்டுகிறோம்' என்று தொடங்கும் சிறிய பாடல் அது. கையில் கொடுத்த தாளில் பாடலின் கீழே 'புனித அம்புரோசியார்' என்று அச்சிட்டிருந்ததாம். அது உண்மையா, மடங்களில் பாடும் இந்தப் பாடல்களையெல்லாம் யார்தான் எழுதினார்கள் என்று கேட்கிறார்.

உண்மை இல்லை. அந்தப் பாடல் அம்புரோசியார் இறந்து நெடுங்காலம் கழித்தே ஏடுகளில் தலைகாட்டுகிறது. எழுதியவர் பெயர் எந்தப் பழைய ஏட்டிலும் இல்லை. ஆனால் அந்தத் தாளை அச்சிட்டவர் பொய் சொல்லவுமில்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக மடங்களில் புழங்கிவரும் ஒரு வழக்கத்தை அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறார். அந்த வழக்கம் எப்படி வந்தது என்பதில்தான் சுவை இருக்கிறது.

அம்புரோசியாரிடமிருந்தே தொடங்குகிறேன். 386ஆம் ஆண்டு, மிலான் நகரம். சிறுவனான பேரரசர் இரண்டாம் வாலெந்தினியனின் தாய் யுஸ்தினா ஆரியுஸ் என்பவரின் கொள்கையின் பக்கம், அதாவது கிறிஸ்து தந்தைக்கு நிகரான கடவுள் அல்லர் என்போரின் பக்கம் நின்றவர். தம் தரப்பினரின் வழிபாட்டுக்கு நகரத்து ஆலயம் ஒன்றை விட்டுத் தர வேண்டும் என்றார். ஆயர் அம்புரோசியார் மறுத்தார். படைவீரர்கள் வெளியே நிற்க, மக்கள் ஆலயத்துக்குள்ளேயே இரவுபகலாகக் கிடந்தார்கள். அவர்கள் சோர்ந்துவிடாதிருக்க, கீழைத் திருச்சபைகளின் முறைப்படி பாடல்களும் விவிலியத்துத் திருப்பாடல்களும் (சங்கீதங்களும்) பாடும் வழக்கம் அப்போதுதான் அங்கே தொடங்கியது என்று, பின்னாளில் ஆயரும் பெரும் இறையியலாளருமான அகுஸ்தீனார் தம் தன்வரலாற்று நூலின் ஒன்பதாம் பகுதியில் எழுதுகிறார். அவரே அப்போது மிலானில் இருந்தவர். அந்தக் கூட்டத்தில் அவருடைய தாய் மோனிக்காவும் இருந்தார்.

எதிரிகள், 'பாட்டைக் கொண்டு மக்களை மயக்கிவிட்டார்' என்று குற்றம் சாட்டினார்கள். அம்புரோசியார் மறுக்கவில்லை. ஆம், அதைவிட வலிமையான மந்திரம் ஏது என்ற தோரணையில் பிரசங்கத்திலேயே ஒப்புக்கொண்டார். மறுக்காததுதான் நமக்கு ஆதாயம்: அவர் பாடல் எழுதினார் என்பதற்கு அவர் வாயாலேயே சாட்சி கிடைத்துவிட்டது.

எந்தெந்தப் பாடல்கள்? நான்குக்கு மட்டும் சமகாலத்தை ஒட்டிய உறுதியான சாட்சி இருக்கிறது. மூன்றுக்கு அகுஸ்தீனார் சாட்சி: சேவல் கூவும் வேளைக்கான 'எத்தேர்னே ரேரும் கோந்திதோர்', மாலைக்கான 'தேயுஸ் க்ரெயாத்தோர் ஓம்னியும்', மூன்றாம் மணிக்கான (நம் கணக்கில் காலை ஒன்பது) 'யாம் சுர்ஜித் ஓரா தெர்சியா'. நான்காவது கிறிஸ்து பிறப்புப் பாடலான 'இந்தெந்தே குயி ரேஜிஸ் இஸ்ராயேல்'. அதன் முதல் பத்தி பிற்காலத்தில் உதிர்ந்துபோனதால் 'வேனி ரெதெம்ப்தோர் ஜென்சியும்' என்ற பெயரில்தான் பலருக்குத் தெரியும். 430இல் திருத்தந்தை செலஸ்தீன் உரோமையில் இதை அம்புரோசியாரின் பாடல் என்று சொல்லியே மேற்கோள் காட்டினார். இந்த நான்கையும் அளவுகோலாக வைத்து, அதே யாப்பு, அதே சொல்லாட்சி, அதே சிந்தனைப் போக்கு உள்ளவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ பதினான்கு வரை ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இடைக்காலம் அவர் பெயரில் ஏற்றிய பாடல்களோ அதைப்போலப் பல மடங்கு.

அளவுகோல் என்றேன். அது மிகவும் எளியது. எட்டு பத்தி, பத்திக்கு நான்கு அடி, அடிக்கு எட்டு அசை. லத்தீனில் குறில் நெடில் கணக்கு உண்டு. அம்புரோசியார் அதைப் பிசகாமல் காப்பார். எட்டு பத்தி என்பதும் தற்செயலன்று: இரண்டு அணிகள் மாறி மாறிப் பாட, நான்கு நான்காகச் சமமாகப் பிரியும். இத்தனை எளிமைக்குள் அவர் கொண்டுவரும் காட்சிகளைப் பாருங்கள். சேவல் கூவுகிறது; கடலோடிக்குத் தெம்பு வருகிறது; கொள்ளைக்காரன் வாளை உறையில் போடுகிறான்; மறுதலித்த பேதுரு அழுது தன் குற்றத்தைக் கழுவுகிறார். சில வரிகளுக்குள் இத்தனை பேர் விழித்துக்கொள்கிறார்கள். எனக்கு லத்தீன் கற்றுத்தந்த முதியவர் இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டு இந்தப் பாடலை மனப்பாடம் செய்யச் சொன்னார். அவர் செய்தது சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாலைப் பாடலுக்கு வேறொரு பெருமை. 387இல் ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா இறந்தார். அடக்கம் முடிந்தும் அகுஸ்தீனாருக்கு அழுகை வரவில்லை. குளித்துப் பார்த்தார், துயரம் இறங்கவில்லை. தூங்கி எழுந்தபோது தனிமையில் இந்தப் பாடலின் அடிகள் நினைவுக்கு வந்தன. அதன் பிறகுதான் கண்ணீர் வந்தது. 'அம்புரோசின் உண்மையான அடிகள்' என்று பெயர் சொல்லி எட்டு அடிகளை அங்கேயே எழுதி வைக்கிறார். லத்தீன் பாடல் வரலாற்றில் இதைவிட நல்ல ஆசிரியர் சான்று வேறு கிடையாது. ஒரு மகனின் துக்கத்தால் கிடைத்த சான்று அது.

கவனிக்க வேண்டியது: இவை எதுவும் துறவிகளுக்காக எழுதப்பட்டவை அல்ல. நகரத்து ஆலயத்தில் பொதுமக்கள் பாடியவை. ஆனால் பொதுமக்களின் ஆலயங்களில்தான் பாடல்களுக்குத் தடுமாற்றம் வந்தது. விவிலியத்தில் இல்லாத சொற்களை வழிபாட்டில் பாடலாமா என்ற ஐயம் வலுத்தது. 561இல், இன்றைய போர்த்துகலில் உள்ள பிராகாவில் கூடிய ஆயர்கள் சங்கம், திருப்பாடல்களும் விவிலியப் பகுதிகளும் அல்லாத கவிதைகளை ஆலயத்தில் பாடக் கூடாது என்றது. 633இல் செவீயா ஆயர் இசிதோர் தலைமையில் கூடிய நான்காம் தொலேதோ சங்கம் அதைக் கவிழ்த்து, ஹிலரியும் அம்புரோசியாரும் எழுதியவற்றைத் தள்ளலாகாது என்றது. உரோமை நகரத்து ஆலயங்களோ ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டு வரை தினசரிச் செபத்தில் இவற்றைச் சேர்க்கவே இல்லை. இடைப்பட்ட காலமெல்லாம் பாடல்களுக்கு அடைக்கலம் தந்தவை மடங்கள்.

புவாத்தியே ஆயர் ஹிலரியைப் பற்றி ஒரு வார்த்தை. வரிசையில் அம்புரோசியாருக்கு முன்னவர். 356இல் பிரிகியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கீழைத் திருச்சபைப் பாடல்களை அங்கே கேட்டிருக்கலாம். திரும்பி வந்து லத்தீனில் பாடல் தொகுதி ஒன்று எழுதினார். தம் நாட்டார் பாட்டு விஷயத்தில் கற்பிக்க முடியாதவர்கள் என்று அவரே அலுத்துக்கொண்டதாக ஜெரோம் குறிக்கிறார். 1884இல் இத்தாலியின் அரேத்சோவில் ஓர் ஏடு அகப்பட்டு, அதில் அவர் பாடல்கள் மூன்று குறையாகக் கிடைத்தபோது காரணம் புரிந்தது. குற்றம் மக்களுடையது அல்ல. பாடல்கள் அவ்வளவு கடினம்.

இப்போது மடங்களுக்குள் போவோம். பெனடிக்ட் (தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கில் ஆசீர்வாதப்பர்) 6ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதிய ஒழுங்குநூல், பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை என்று செபத்தை வகுக்கிறது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பாடல் உண்டு. சிறு வேளைகளுக்கு 'அந்த வேளைக்குரிய பாடல்' என்று மட்டும் சொல்கிறார். இரவு விழிப்பு, காலைப் புகழ், மாலைப் புகழ் என்று வரும்போது நான்கு இடங்களில் அவர் இடும் சொல் 'அம்புரோசியானும்'. அம்புரோசியம் ஒன்று பாடுக, அவ்வளவுதான். எந்தப் பாடல் என்று சொல்லவில்லை.

அந்த ஒரு சொல்தான் இத்தனை குழப்பத்துக்கும் தாய். அம்புரோசியாரே எழுதியது என்று பொருளா, அல்லது அவர் பாணியில் அமைந்த எட்டசைப் பாடல் என்று பொருளா? என் கணிப்பு, பெனடிக்டின் காலத்திலேயே அது வகைப் பெயராகிவிட்டது. ஏனெனில் அதே நூற்றாண்டில் ஆர்ல் நகர ஆயர்கள் செசாரியுசும் அவுரேலியானும் தங்கள் மடங்களுக்கு எழுதிய ஒழுங்குகள் பாடல்களின் முதலடிகளைத் தருகின்றன. அவற்றில் அம்புரோசியாருடையவையும் அவர் சாயலில் மற்றவர்கள் எழுதியவையும் கலந்தே கிடக்கின்றன. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நம்மிடம் ஆள் தெரியாத தனிப்பாடல் என்றால் ஔவையார் தலையிலோ காளமேகத்தின் தலையிலோ கட்டிவிடுகிறோமே, அதே கதைதான். இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். சம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரையும் ஊரையும் சொல்லி முடிப்பார், திருடுவது கடினம். லத்தீன் பாடலின் கடைசிப் பத்தியில் வருவது மூவொரு கடவுளுக்குப் புகழ். அந்தப் பத்தியை ஒரு பாடலிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டலாம், மாட்டினார்கள். எழுதியவர் தம்மைச் செருகிக்கொள்ள அங்கே இடமே இல்லை.

9ஆம் நூற்றாண்டில் பிராங்கியர் நாடுகளில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. பழைய சிறு தொகுதி வழக்கொழிந்து, புதிய பெரிய தொகுதி மடங்களெங்கும் பரவியது. இன்று 'மடத்துப் பாடல்கள்' என்று நாம் கேட்பவற்றில் பெரும்பகுதி இந்தப் புதிய தொகுதிதான். அதில் வார நாட்களின் மாலைக்கு உலகப் படைப்பின் ஆறு நாள் வேலையையும் வரிசையாகச் சொல்லும் பாடல்கள் உண்டு: ஞாயிறு ஒளி, திங்கள் வானம், செவ்வாய் நிலம், இப்படி வெள்ளிக்கிழமை மனிதன் வரை. ஒரே கை எழுதியது போல் இருக்கும். அந்தக் கை திருத்தந்தை பெரிய கிரகோரியாருடையது என்று பல அச்சுப் புத்தகங்கள் போடும். ஆதாரம் கிடையாது. பெரிய பெயர் ஒன்று சும்மா இருந்தது. ஆசிரியரில்லாத நல்ல பாடல்கள் இருந்தன. இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்.

எல்லாமே இப்படி அல்ல; சில பாடல்களுக்குப் பிறப்புச் சான்றிதழே உண்டு. 569இல் பேரரசர் இரண்டாம் யுஸ்தின் கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து திருச்சிலுவையின் துண்டு ஒன்றை புவாத்தியேயில் ராதெகுண்டா அரசி நிறுவிய கன்னியர் மடத்துக்கு அனுப்பினார். அதை வரவேற்கக் கவிஞர் வெனான்சியுஸ் ஃபொர்த்துனாத்துஸ் எழுதியவை 'வெக்சில்லா ரேஜிஸ்', 'பாஞ்சே லிங்குவா' ஆகிய இரண்டும். இரண்டாவதன் சந்தத்தையும் முதல் சொற்களையும் எடுத்துக்கொண்டுதான் 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் நற்கருணைக்கு இன்னொரு 'பாஞ்சே லிங்குவா' எழுதினார். அதன் கடைசி இரண்டு பத்திகளைத்தான் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் நற்கருணை ஆசீரின்போது 'மாண்புயர் இவ்வருட்சாதனத்தை' என்று பாடுகிறார்கள். ஒரு கன்னியர் மடத்து வரவேற்பு ஊர்வலத்தின் சந்தம் இத்தனை தூரம் வந்திருக்கிறது.

இனி நான் மிகவும் ரசிக்கும் கதை. 1098இல் தொடங்கிய சிஸ்டர்சியன் துறவிகள் பெனடிக்டின் ஒழுங்கை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர்கள். ஒழுங்கில் 'அம்புரோசியானும்' என்று இருக்கிறதே, அப்படியானால் அம்புரோசியார் எழுதியதை மட்டும்தான் பாட வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அசல் எங்கே கிடைக்கும்? அவர் ஆயராக இருந்த மிலானில். அவர்களின் தாய் மடமான சீத்தோவின் தலைவர் ஸ்டீபன் ஹார்டிங் காலத்தில் ஆளனுப்பி, மிலான் ஆலயத்தில் பாடியவற்றைப் படியெடுத்துக் கொண்டுவந்தார்கள். இனி இவற்றை மட்டுமே பாட வேண்டும், வரும் தலைமுறையும் மாற்றக் கூடாது என்று ஸ்டீபன் ஒரு கடிதமே எழுதி வைத்தார். அம்புரோசியார் இறந்து எழுநூறு ஆண்டு ஆகியிருந்தது. மிலான் ஏடுகளிலும் அதற்குள் பிறர் பாடல்கள் கலந்துவிட்டிருந்தன. ஆக, அசலைத் தேடிப் போனவர்கள் அசலோடு கொஞ்சம் நகலையும் பயபக்தியோடு சுமந்து வந்தார்கள்.

விளைவு பாடுவதற்குச் சலிப்பாக இருந்தது. அண்டை மடங்களில் திருநாளுக்கொரு பாடல் ஒலிக்க, இவர்கள் வருடம் முழுவதும் இரவு விழிப்பில் ஒரே பாடல். இதைக் குத்திக்காட்டியவர் தத்துவ அறிஞர் பீட்டர் அபெலார். பின்னணி வேடிக்கையானது. எலோயிஸ் தலைவியாக இருந்த பாராக்லே கன்னியர் மடத்துக்கு, சிஸ்டர்சியர்களின் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்நார்து வந்தபோது, அங்கே இயேசு கற்பித்த செபத்தில் 'அன்றாட' அப்பம் என்பதற்குப் பதில் மத்தேயுவில் உள்ள வேறு சொல்லைப் பயன்படுத்துவதைக் கண்டு முகம் சுளித்தார். புதுமை கூடாது என்பது அவர் குறை. அபெலார் சும்மா விடுவாரா? பதில் கடிதத்தில், புதுமையைப் பற்றி நீங்களா பேசுவது, எல்லா ஆலயங்களும் பாடும் பாடல்களைத் தூக்கி எறிந்துவிட்டு யாரும் கேள்விப்படாதவற்றைப் பாடுவது யார், சாதாரண நாளும் திருநாளும் ஒரே பாட்டோடு இரவைக் கழிப்பது யார் என்று திருப்பிக் கேட்டார். பின்னர் சிஸ்டர்சியர்களே தங்கள் இசையைத் திருத்தியபோது, பழகிய பாடல்கள் சில மெல்ல உள்ளே வந்துவிட்டன.

எலோயிஸின் பங்கு இதைவிடக் கூர்மையானது. தம் மடத்துக்குப் புதிய பாடல் தொகுதி வேண்டும் என்று அபெலாரிடம் அவர் கேட்டபோது சொன்ன காரணங்களை அபெலார் முன்னுரையில் பதிந்து வைத்திருக்கிறார். பாடல்களை எழுதியவர் யார் என்பதே பெரும்பாலும் நிச்சயமில்லை. அசைக் கணக்கு சீராக இல்லாததால் மெட்டில் உட்கார மறுக்கின்றன. இருட்டில் பாடும்போது 'இதோ இரவின் நிழல் கரைகிறது' என்று சொல்ல வேண்டியிருக்கிறது, கடவுள் முன் பொய் சொல்வது போல் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுப் பெண் ஒருவர் கேட்ட இந்தக் கேள்விகளைத்தான் பின்னர் அறிஞர்கள் தொகுதி தொகுதியாக எழுதிக் கேட்டார்கள். அபெலார் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் ஐயமே எழாத அபூர்வமான தொகுதி அது. அதனாலோ என்னவோ அந்த மடத்து வட்டத்தைத் தாண்டி அதிகம் பரவவில்லை.

பெர்நார்துக்கும் ஒரு பாடல் கிடைத்தது, கேட்காமலே. 'யேசு துல்சிஸ் மெமோரியா' என்ற புகழ்பெற்ற பாடல் நூற்றாண்டுக் கணக்கில் அவர் பெயரில் வலம் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஏடுகளை ஒப்பிட்டபோது, 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பெயர் தெரியாத சிஸ்டர்சியன் ஒருவர் எழுதியதாகவே தோன்றியது. பெர்நார்து 1153இலேயே இறந்துவிட்டார்.

இசை கற்றவர்களுக்கு ஒன்று. ச ரி க ம போல மேற்கில் சொல்லும் ஸ்வரப் பெயர்கள் ஒரு மடத்துப் பாடலிலிருந்து வந்தவை. திருமுழுக்கு யோவான் விழாவின் 'ஊத் குவேயாந்த் லாக்சிஸ்' பாடலில் ஒவ்வொரு அரையடியும் ஒரு ஸ்வரம் ஏறித் தொடங்கும். அந்த முதலசைகள் ஊத், ரே, மி, ஃபா, சொல், லா. 11ஆம் நூற்றாண்டில் துறவி குய்தோ சிறுவர்களுக்கு இதை வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். எழுதியவர் மோந்தே கசீனோ மடத்துப் பவுல் தியாகோன், தொண்டை கட்டியபோது குரல் வேண்டி எழுதினார் என்பது அழகான கதை. கதையாகவே இருக்கட்டும்.

ஆசிரியர் யாரென்று தெரியாததில் ஓர் ஆபத்து உண்டு: யாரும் கை வைக்கலாம். 1632இல் திருத்தந்தை எட்டாம் உர்பான் கை வைத்தார். அவரே கவிஞர், இடைக்கால லத்தீன் அவர் காதுக்குக் கரடுமுரடு. நான்கு இயேசு சபையினரை அமர்த்தி, குறில் நெடில் பிசகிய இடங்களையெல்லாம் பண்டைய உரோமைக் கவிஞர் ஹொராசியின் காலத்து லத்தீனுக்கு இழுத்தார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள். 'கோந்திதோர் அல்மே சீதெரும்' என்ற திருவருகைக்காலப் பாடலில் முதல் சொல்லே பிழைக்கவில்லை. 'லத்தீன் வந்தது, பக்தி போனது' என்று உரோமையில் கேலி பேசினார்கள். பெனடிக்டின், சிஸ்டர்சியன், தொமினிக்கன், கார்த்தூசியத் துறவிகள் திருத்தத்தை ஏற்காமல் பழைய பாடத்தையே பாடிவந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1971இல் வந்த லத்தீன் திருப்புகழ்மாலை (தினசரிச் செபப் புத்தகம்), மோந்தே கசீனோ துறவி அன்செல்மோ லெந்தீனி தலைமையிலான குழுவின் உழைப்பால், பெரும்பாலும் அந்தப் பழைய பாடத்துக்கே திரும்பியது. இடைவெளி இருந்த இடங்களுக்கு லெந்தீனியே நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் எழுதினார். மடத்துக் கவிஞர் மரபு அற்றுப்போகவில்லை.

இனி, நண்பரே, உங்கள் தாளுக்கு வருகிறேன். 'தே லூசிஸ்' புதிய தொகுதியோடு பரவிய பாடல். அதற்கு முன் இரவுச் செபத்தில் பரவலாக ஒலித்தது 'கிறிஸ்தே குயி லுக்ஸ் எஸ்'. நீங்கள் கேட்டது எந்தப் பாடம் என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். முதல் பத்தியின் மூன்றாம் அடியில் 'ஊத் சோலித்தா க்ளெமென்சியா' என்று பாடினார்களா? அது பழைய மடப் பாடம். 'ஊத் ப்ரோ துவா க்ளெமென்சியா' என்றால் உர்பானின் திருத்தம். அடுத்த பத்தியில் கெட்ட கனவுகளும் இரவின் பேய்த்தோற்றங்களும் விலகட்டும் என்று வந்தால் மரபு வடிவம். 'எங்கள் இதயங்கள் உம்மையே கனவு காணட்டும்' என்று வந்தால் 1971இன் வடிவம். அந்த வரிகள் வேறொரு பழைய பாடலிலிருந்து எடுத்து ஒட்டியவை. பெனடிக்டின் மடம் என்கிறீர்கள், 'சோலித்தா' என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது இரண்டாம் பத்தியில் காதை வைத்துக்கொள்ளுங்கள்.